கவன மருந்தும் குழந்தையின் கண்ணும்

கவனக்குறைவுக்கும் மிகைத்துடிப்புக்கும் குழந்தைகளுக்குத் தரப்படும் மருந்துகள் மூளைக்காகத் தரப்படுபவை. ஆனால் அவை கண்ணையும் தொடுகின்றன. கண்மணி விரிகிறது. சில குழந்தைகளுக்குக் கிட்டத்து எழுத்து மங்குகிறது. மிக அரிதாகக் கண்ணின் உள்ளழுத்தம் ஏறுகிறது. மருத்துவத்துக்கு இது அளந்து பார்த்துக் கவனித்துக்கொள்ள வேண்டிய விஷயம். அறத்துக்கு இது வேறொரு கேள்வி. மாத்திரையை விழுங்குவது ஒருவர், விழுங்க வேண்டும் என்று முடிவெடுப்பது இன்னொருவர் என்றிருக்கும்போது, ஒரு திறனுக்குக் கிடைக்கும் நன்மைக்காக ஒரு புலனுக்கு நேரக்கூடிய தீங்கை ஏற்க யாருக்கு உரிமை உண்டு, எந்த நிபந்தனையின் பேரில் உண்டு என்பதே அது.

இந்த மருந்துகளின் வரலாறு அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் தொடங்குகிறது. அங்கே பிராட்லி இல்லம் என்ற குழந்தைகள் மனநல மருத்துவமனையில் இருந்த சார்லஸ் பிராட்லி, நடத்தைச் சிக்கல் உள்ள 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்னும் ஆம்ஃபெடமின் மருந்தைக் கொடுத்து, கண்டதை 1937இல் வெளியிட்டார். ஏறக்குறைய பாதிப் பேரின் படிப்பு வியக்கத்தக்க அளவில் முன்னேறியிருந்தது. அதைக் குழந்தைகளே கணக்கு மாத்திரை என்று அழைத்தார்கள். 1944இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். தம் மனைவி ரீட்டாவின் பெயரால் அது ரிட்டலின் ஆயிற்று. 1955இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. வேறு வகையைச் சேர்ந்த அட்டோமாக்செட்டின் 2002இல் வந்தது. 2022ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்புப்படி அமெரிக்காவில் 3 முதல் 17 வயதுக்குள் ஏறத்தாழ 71 லட்சம் பேருக்கு, அதாவது 11.4 சதவீதத்தினருக்கு, ஏதோ ஒரு சமயத்தில் இந்தக் கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடு இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. அப்போதும் அது நீடித்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் மருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை குழந்தைகள் சாப்பிடும் மருந்தில், அரிதாக நேரும் தீங்கும் எங்கோ ஒரு வீட்டில் நேர்ந்தே தீரும்.

மெத்தில்ஃபெனிடேட், செய்தி கடத்த நரம்பணுக்கள் வெளியிட்ட டோபமினையும் நார்அட்ரினலினையும் அவை திரும்ப உறிஞ்சிக்கொள்ளாதபடி தடுக்கிறது. ஆம்ஃபெடமின் அதோடு நில்லாமல் உள்ளே சேமித்து வைத்திருப்பதையும் வெளியே தள்ளுகிறது. அட்டோமாக்செட்டின் முக்கியமாக நார்அட்ரினலினைத் தங்கவைக்கிறது. மூளையின் முன்பகுதியில் இதன் பலன் கண்கூடானது: குழந்தை எடுத்த கணக்கை முடிக்கிறது, தன் முறை வரும்வரை பொறுத்திருக்கிறது, சொன்னதைக் காதில் வாங்குகிறது. ஆனால் விழுங்கிய மருந்து இரத்தத்தோடு உடல் முழுவதும் போகிறது. கண்மணியை விரிக்கும் தசைக்குக் கட்டளை தருவதும் இதே நார்அட்ரினலின்தான். கண்மணியைச் சுற்றி இரு தசைகள் உண்டு. வளையமாக ஓடுவது அதைச் சுருக்கும். சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஓடுவது அதை விரிக்கும். இரண்டாவது ஓங்கும்போது கண்மணி அகன்று நிற்கிறது, வெயிலில் கண் கூசுகிறது.

புத்தகம் படிக்கும்போது மூன்று காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. கண்மணி சுருங்குகிறது, லென்ஸ் தடிக்கிறது, இரு கண்களும் மூக்குப் பக்கம் திரும்பி ஒரே எழுத்தில் குவிகின்றன. இந்த இசைவு தளர்ந்தால் எழுத்து மங்கும். கிட்டத்தில் பார்வையைக் குவிப்பதில் சிரமமும் மங்கலும் ஏற்படலாம் என்று இந்த மருந்துகளின் அதிகாரபூர்வக் குறிப்புகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. படிப்பதற்காகத் தரும் மருந்து சில குழந்தைகளுக்குப் படிக்கும் எழுத்தையே மங்கவைக்கிறது. மருந்தின் அளவைக் குறைத்தாலோ மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடக்கூடியதுதான் இது. ஆனால் கவனிப்பார் இல்லையென்றால், மங்கலால் புத்தகத்தை விட்டு விலகும் குழந்தையைப் பார்த்து மருந்து போதவில்லை என்று முடிவு கட்டி அளவைக் கூட்டும் அபாயமும் இருக்கிறது.

கண்ணழுத்தம் இதைவிடக் கடுமையான விஷயம். கண்ணுக்குள் இடைவிடாமல் ஊறும் நீர், கருவிழிப் படலமும் கண்மணியைச் சூழ்ந்த திரையும் சந்திக்கும் கோணத்தில் இருக்கும் சல்லடைத் திசு வழியே வடிகிறது. வரவும் செலவும் சமமாக இருந்தால் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் நிற்கும். சிலருக்கு அந்தக் கோணம் பிறப்பிலேயே குறுகல். தூரப்பார்வைக் குறை மிகுந்த குட்டையான கண்களில் அப்படி இருப்பதுண்டு. அவர்களுக்குக் கண்மணி பாதி விரிந்த நிலையில் நிற்கும்போது, திரை மடிந்துபோய் வடிகாலை அடைத்துவிடலாம். அப்போது சில மணி நேரத்தில் அழுத்தம் பல மடங்கு உயரும். கண் சிவக்கும், வலிக்கும், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரியும், தலைவலியும் வாந்தியும் வரும். அதே நாளில் கண் மருத்துவமனைக்குப் போயாக வேண்டிய நிலை அது. மற்றொரு வகையில் கோணம் திறந்தே இருக்கும், அழுத்தம் மட்டும் சத்தமில்லாமல் ஏறிப் பார்வை நரம்பை ஓரத்திலிருந்து அரிக்கும். இழந்த நரம்பிழை திரும்ப வளராது. கோணம் குறுகியவர்கள், முன்பே கண்ணழுத்தம் உள்ளவர்கள், தூரப்பார்வைக் குறை மிகுந்தவர்கள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை என்று மெத்தில்ஃபெனிடேட்டின் இப்போதைய அமெரிக்கக் குறிப்பு சொல்கிறது.

இந்த ஆபத்தை ஊதிப் பெரிதாக்குவது குழந்தைகளுக்குச் செய்யும் இன்னொரு தீங்கு. குழந்தையின் லென்ஸ் மெல்லியது, கண்ணின் முன்னறையில் இடம் தாராளம். கோணம் அடைபடுவது பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகு வரும் நோய். மருந்து சாப்பிடும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கண்மணி சற்று விரிவதைத் தவிர வேறொன்றையும் உணர்வதில்லை. கவனக்குறைவுக்குத் தரும் எல்லா மருந்துகளும் கண்ணழுத்தத்தை ஏற்றுபவையும் அல்ல. குளோனிடின் வகையைச் சேர்ந்த மருந்துகள், சொட்டு மருந்தாகக் கண்ணழுத்தத்தைக் குறைக்கவே பயன்படுகின்றன.

பார்வைக்கும் கவனத்துக்கும் உள்ள உறவு மருந்தின் தீங்கோடு முடிவதில்லை. சுவீடனின் கோத்தன்பர்க் நகர ஆய்வாளர்கள், இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளின் பார்வைப்புலத்தை மருந்துக்கு முன்னும் பின்னும் அளந்தபோது, மருந்துக்குப் பின் அது மேம்பட்டிருக்கக் கண்டார்கள். மருந்து கண்ணைச் சரிசெய்துவிட்டது என்று இதை உடனே படித்துவிட முடியாது. பார்வைப்புலப் பரிசோதனையில் குழந்தை ஒரு கருவியின் முன் முகவாயைத் தாங்கியில் வைத்து, நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஓரங்களில் மினுக்கும் ஒளிப்பொட்டு ஒவ்வொன்றையும் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும். ஒரு கண்ணுக்கே பல நிமிடங்கள் ஆகும். சலிப்பூட்டும் வேலை, வளர்ந்தவர்களே தவறவிடுவார்கள். அழுத்தப்படாத பொத்தான் விழித்திரையின் குறையா, மனத்தின் விலகலா என்று கருவிக்குத் தெரியாது. இரண்டையும் அது ஒரே கரும்பொட்டாகத்தான் அச்சிடும்.

இந்தியத் தத்துவத்துக்கு இது பழகிய சிக்கல். கண்ணும் பொருளும் சந்தித்தால் மட்டும் காட்சி பிறந்துவிடாது, நடுவில் மனம் சேர வேண்டும் என்பது நியாய மரபின் நிலைப்பாடு. எல்லாப் புலன்களும் ஒரே நேரத்தில் திறந்திருந்தும் அறிவுகள் ஒரே நேரத்தில் எழுவதில்லை. மனம் என்ற ஒன்று உண்டு என்பதற்கு இதையே அடையாளமாக நியாய சூத்திரம் காட்டுகிறது. உயிர்களை அறிவின் வரிசையில் வைக்கும் தொல்காப்பியத்தின் மரபியலும் ஐம்புலனுக்கு அடுத்ததாக, ஆறாவதாக மனத்தை வைக்கிறது. மேற்கில் வில்லியம் ஜேம்ஸ், 1890இல் வெளிவந்த தம் உளவியல் நூலில், ஒருவர் எதைக் கவனிக்கச் சம்மதிக்கிறாரோ அதுவே அவருடைய அனுபவமாகிறது என்ற கருத்தை முன்வைத்தார். அலைந்து போகும் கவனத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும் ஆற்றலையே அறிவின், குணத்தின், மனவுறுதியின் வேராக அவர் கருதினார். அப்படியானால் கவனத்துக்கு மருந்து தருவது, குழந்தைக்கு எந்த உலகம் தெரியப்போகிறது என்பதிலேயே கைவைப்பது. கண்ணில் இடும் மருந்துக்கு நிகரான தயக்கத்தோடுதான் அதைத் தர வேண்டும்.

கண்ணின் குறையே கவனக்குறைவாகத் தோற்றம் தருவதும் உண்டு. ஓர் எளிய சோதனையில் அது தெரியும். பென்சில் நுனியைக் குழந்தையின் கண்ணுக்கு நேரே ஒரு முழ தூரத்தில் பிடித்து, மெல்ல மூக்கை நோக்கிக் கொண்டுவந்தால், இரு கண்களும் அதைப் பின்தொடர்ந்து உட்பக்கம் திரும்பும். குவிதிறன் குறைந்த குழந்தைக்குப் பென்சில் இன்னும் எட்டத்தில் இருக்கும்போதே ஒரு கண் பிடியை விட்டு வெளிப்பக்கம் நழுவிவிடும். அந்த நொடியில் குழந்தைக்கு இரண்டு பென்சில் தெரியும். புத்தகத்தின் ஒவ்வொரு வரியிலும் அந்தக் குழந்தைக்கு நடப்பது இதுதான். எழுத்து இரட்டிக்கிறது, வரி தாவுகிறது, நெற்றி வலிக்கிறது, குழந்தை ஜன்னலைப் பார்க்கிறது. வகுப்பில் இதற்குப் பெயர் கவனமின்மை. கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 2005இல் டேவிட் கிரானெட் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், குவிதிறன் குறைந்த 266 பேரில் 9.8 சதவீதத்தினருக்குக் கவனக்குறைவு இருப்பதாக முன்பே சொல்லப்பட்டிருந்தது. பொதுவாக எதிர்பார்க்கும் அளவைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று இந்தக் கணக்கு நிறுவவில்லை. இரண்டும் ஒரே குழந்தைக்கு இருக்கலாம், ஒன்றை மற்றதாக எண்ணி ஏமாந்துமிருக்கலாம். எப்படியானாலும் பரிசோதனையின் வரிசை இங்கே அறத்தின் பிரச்சினையாகிறது. சரியாகத் தெரியாத குழந்தையைக் கவனிக்காத குழந்தை என்று தீர்ப்பளித்து, கண்மணியை விரிக்கும் மருந்தைக் கொடுத்தால், செய்யாத குற்றத்துக்குக் குழந்தை இருமுறை தண்டனை பெறுகிறது.

கவனத்தைச் சமயப் பொருளாகவே எடுத்துக்கொண்டவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல். பள்ளிப் படிப்பை இறையன்போடு இணைத்து 1942இல் அவர் எழுதிய கட்டுரையில், பிரார்த்தனை என்பதே கவனம்தான் என்கிறார். ஒரு வடிவியல் கணக்கோடு மாணவர் போராடித் தோற்றாலும், அந்தக் கவனப் பயிற்சி வீணாகாமல் வேறொரு தளத்தில் பலன் தரும் என்பது அவருடைய நம்பிக்கை. அவர் வலியுறுத்தும் இன்னொன்று இங்கே முக்கியம். புருவத்தை நெரிப்பதும் மூச்சை அடக்குவதும் தசையை இறுக்குவதும் கவனமல்ல. கவனம் என்பது எண்ணத்தைத் தளர்த்தி, வெறுமையாக்கி, வரும் பொருளுக்கு இடம் விட்டுக் காத்திருப்பது. இந்த அளவுகோலை வைத்து மாத்திரையை மறுத்துவிடத் தோன்றும். வேதிப்பொருள் தரும் விழிப்பு உழைப்பைக் கூட்டலாம், காத்திருப்பைத் தருமா? ஆனால் அந்த மறுப்பு அவசரமானது. உட்கார முடியாமல் தவிக்கும் உடலில் அந்தக் காத்திருப்புக்கு இடமே கிடைப்பதில்லை. மூக்குக்கண்ணாடி எழுத்தைப் படித்துக் காட்டுவதில்லை. படிக்க முடிகிற நிலையைத் தருகிறது. மருந்தும் நல்லபடி வேலை செய்யும் இடத்தில் அவ்வளவுதான் செய்கிறது. மீதி, குழந்தையும் ஆசிரியரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

தீமையும் கலந்து வரும் நன்மையை எப்போது செய்யலாம் என்ற கேள்விக்குக் கத்தோலிக்க மரபில் ஒரு விடை உண்டு. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், தற்காப்பைப் பற்றிப் பேசும்போது, ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம், அதில் ஒன்று மட்டும் நோக்கமாக இருக்கலாம் என்றார். பின்வந்தவர்கள் இதை விதியாக்கினார்கள்: செயல் தன்னளவில் தவறானதாக இருக்கக் கூடாது, தீமையை விரும்பக் கூடாது, தீமையின் வழியாக நன்மையை அடையக் கூடாது, நன்மை தீமைக்கு ஈடாக இருக்க வேண்டும். கவன மருந்து இந்த நான்கையும் தாண்டிவிடுவதாகவே தோன்றும். கண்மணி விரிவதை யாரும் விரும்பித் தரவில்லை, அது விரிவதால் கவனம் கூடவும் இல்லை. ஆனாலும் விதி இதோடு நின்றால் அது வசதியான விதியாகிவிடும். நார்அட்ரினலினுக்கு முதன்மை விளைவு, பக்க விளைவு என்ற பாகுபாடு தெரியாது. அந்தக் கோட்டைப் போடுவது தருபவரின் நோக்கம். அனுபவிப்பதோ குழந்தையின் உடல். போர் அறத்தைப் பற்றி 1977இல் எழுதிய மைக்கேல் வால்சர் இந்த ஓட்டையைக் கண்டு, தீமையை விரும்பாமல் இருப்பது போதாது, அதைக் குறைக்கச் செலவும் சிரமமும் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார். போர்க்களத்துக்குச் சொன்னது என்றாலும் குழந்தைகள் மருத்துவத்துக்கும் அது அப்படியே பொருந்தும். கண்ணைச் சோதிக்காமல் மருந்து தருபவரும், சோதித்துத் தருபவரும் ஒரே நல்லெண்ணத்தோடு இருக்கலாம். இரண்டாமவர் மட்டுமே அந்த எண்ணத்துக்கு ஒரு விலை கொடுத்தவர்.

வளர்ந்தவர் தமக்குத் தாமே சம்மதம் சொல்கிறார். குழந்தைக்காகச் சொல்லப்படும் சம்மதம் எதன் மேல் நிற்கிறது? அமெரிக்கத் தத்துவவாதி ஜோயல் ஃபைன்பர்க் 1980இல் எழுதிய கட்டுரையில், குழந்தைக்குத் திறந்த எதிர்காலத்துக்கான உரிமை உண்டு என்றார். வளர்ந்தபின் பயன்படுத்த வேண்டிய உரிமைகளைப் பெற்றோர் இப்போது அடைமானம் வைத்துவிடக் கூடாது. காத்து ஒப்படைக்க வேண்டும். பார்வை அப்படிக் காக்க வேண்டியவற்றில் முதல் வரிசையில் நிற்பது. சிக்கல் என்னவென்றால் கவனமும் அதே வரிசையில்தான் நிற்கிறது. மருந்தின்றி விடப்பட்ட கடுமையான கவனக்குறைவு, படிப்பையும் நட்பையும் தன்மதிப்பையும் குலைக்கிறது. அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் தொடர்ந்து 1999இல் வெளிவந்த பெரிய ஆய்வில், குறைபாட்டின் முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில், கவனமாக அளவிட்டுத் தொடர்ந்து மேற்பார்வையிட்டுத் தந்த மருந்து நடத்தைச் சிகிச்சையை மட்டும் தந்ததைவிடச் சிறந்திருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் மருந்து சாப்பிட்டவர்களே; ஆனால் மேற்பார்வையோடு பெற்றவர்கள் அளவுக்கு அவர்கள் முன்னேறவில்லை. மாத்திரையோடு சேர்த்துத் தந்த கவனிப்புக்கும் அந்த வெற்றியில் பங்கு இருக்கிறது. ஆகவே மருந்தை மறுப்பது எப்போதும் பாதுகாப்பான, கைசுத்தமான தேர்வு அல்ல. ஒரு கதவைக் காக்கும் பெயரில் இன்னொன்றைச் சாத்திவிடக்கூடும்.

மருந்தைத் தருவதும் எப்போதும் கைசுத்தமான தேர்வு அல்ல. 1975இல் சமூகவியலாளர் பீட்டர் கான்ராட், அடங்காத குழந்தைத்தனம் எப்படி நோயாக அறிவிக்கப்பட்டது என்று ஆராய்ந்தார். அதே ஆண்டுகளில் இவான் இல்லிச், மருத்துவம் வாழ்க்கை முழுவதையும் தன் ஆட்சிக்குள் இழுப்பதைச் சாடினார். அவர்களுடைய கவலை உண்மையானது. நாற்பது பேரைக் கூட்டி மணிக்கணக்கில் அசையாமல் உட்கார வைக்கும் வகுப்பறையை மாற்றுவதைவிட ஒரு குழந்தையை மாற்றுவது மலிவு. கண்ணுக்கு வரும் தீங்கு எவ்வளவு சிறியதானாலும், வகுப்பறையின் வசதிக்காக ஏற்கப்பட்டால் அதற்கு நியாயம் கிடையாது. குழந்தையின் சொந்தத் தவிப்பைத் தீர்க்க ஏற்கப்படும்போதுதான் நியாயம் பிறக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, மருந்தால் நிம்மதி அடைந்தது யார் என்று கேட்பது.

குழந்தையின் வாய்மொழிக்கு இங்கே பெரிய இடம் இருக்கிறது, கிடைப்பதோ கொஞ்சம். பார்வை மங்குகிறது என்று ஒரு குழந்தை தானாக வந்து சொல்வது அரிது. தெளிவாகத் தெரிவது எப்படி இருக்கும் என்று அறியாத குழந்தைக்கு, மங்கலே உலகத்தின் இயல்பு. சொல்லும்போதும் நம்பாமல் விடுகிறார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006இல் ஆராய்ந்த புகார்களில், இந்த மருந்துகள் எடுத்த சில குழந்தைகள் இல்லாத பூச்சிகளையும் பாம்புகளையும் கண்டதாகச் சொன்னவை இருந்தன. கண்ணில் பழுதில்லாமலே எழும் காட்சிகள் அவை. அரிதானவை, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மறைபவை. குழந்தையின் கற்பனை என்று ஒதுக்கிய வீட்டில் அவை மறைவதற்கு வழியே இல்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் குழந்தைக்கு உரிமை தருகிறது. மருந்து விஷயத்தில் இது கேள்வியின் வடிவத்தையே மாற்றுகிறது. மருந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால் குழந்தை நல்லா இருக்கு என்றுதான் சொல்லும். எழுத்து ஒன்றா இரண்டா, கரும்பலகை மாலையில் மங்குகிறதா, விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறதா, வெயிலில் கண்ணைத் திறக்க முடிகிறதா என்று கேட்டால்தான் பதில் வரும்.

பெரியவர்களின் உரிமை எந்த நிபந்தனையில் செல்லும் என்பது இதிலிருந்து தெளிகிறது. மருந்துக்கு முன் பார்வையும் குவிதிறனும் தூரப்பார்வைக் குறையும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். குடும்பத்தில் கண்ணழுத்த நோய் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். ஐயம் இருந்தால் அழுத்தத்தையும் கோணத்தையும் கண் மருத்துவர் பார்க்க வேண்டும். மருந்து தொடங்கியபின் கண்ணைப் பற்றிய புகார், வீட்டாரே மருந்தைச் சட்டென நிறுத்தவோ கூட்டவோ காரணமாகாமல், மருந்து எழுதியவரிடம் போக வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய கருவியோ பெருஞ்செலவோ தேவையில்லை. கோணத்தைப் பார்ப்பதற்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும். செய்யக்கூடியதாக இருந்தும் செய்யாமல் விட்டதே பெற்றோரின், மருத்துவரின் சம்மதத்தைச் செல்லாததாக்குகிறது.

இந்தச் சம்மதத்துக்குக் காலவரையும் உண்டு. 1985இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை கில்லிக் வழக்கில் அளித்த தீர்ப்பு, 16 வயது நிறையாதவரும் சிகிச்சையின் தன்மையைப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி பெற்றிருந்தால் தாமே சம்மதிக்கலாம் என்றது. கவன மருந்து பல ஆண்டுகள் தொடர்வது. ஏழு வயதில் தொடங்கியவருக்குப் பதினைந்தாகும்போதும் தொடரலாம். ஏழு வயதில் அவருக்காகப் பெற்றோர் சொன்ன சம்மதம் அப்போது தானாக நீடிப்பதில்லை. மருந்து தமக்கு என்ன செய்கிறது, கண்ணில் எந்த அறிகுறியைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், இதுவரை எடுத்த கண்ணழுத்த அளவுகள் என்ன என்று அவருக்குச் சொல்லி, தொடர்வதா விடுவதா என்று மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது.